கறுப்பு வயர் இங்கே நியூட்ரல் கிடையாது

"மாமா, அங்க ஆளே கெடைக்கலன்னு பேசிக்கிறாங்க. ஆள் கெடைக்கலன்னா சம்பளம் ஏறணும்ல? நம்மூர்ல நடவுக்கு ஆள் இல்லாத வருஷம் கூலி ஏறலையா?"

அக்கா மகன் வாட்ஸ்அப் ஆடியோவில் கேட்ட கேள்வி இது. டிப்ளமா ட்ரிபிள்-ஈ முடித்துவிட்டு அறந்தாங்கியில் ஒரு கான்ட்ராக்டரிடம் வீட்டு வயரிங் வேலை பார்க்கிறான். நல்ல கை. ஸ்கில் அடித்து, அதாவது சிங்கப்பூர்க் கட்டுமான வேலைக்கான திறன் தேர்வை ஊரிலேயே பாஸ் பண்ணி, சிங்கப்பூர் வரலாமா என்று யோசிக்கிறான். அவனுக்குப் பதில் தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனது. அவனைப் போல யோசிக்கிற மற்ற தம்பிகளும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நானும் ஸ்கில் அடித்து வந்தவன்தான். 2013ல், எலெக்ட்ரிக்கல் வயரிங் ட்ரேடு. பேசிக் ஒரு நாளைக்கு 18 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). இப்போது எஸ்பாஸில் (சாதாரணத் தொழிலாளிக்குக் கொடுக்கிற பெர்மிட்டுக்கு ஒரு படி மேலான வேலை அனுமதி) சூப்பர்வைசராக இருக்கிறேன். எனவே இதெல்லாம் புத்தகத்தில் படித்தது இல்லை. விதிமுறைகளை மட்டும் மனிதவள அமைச்சின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டேன்.

முதலில் ஒன்று. ஆள் இல்லை என்பது பொய் இல்லை. இந்த ஊரில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஒரு குழந்தைகூட இல்லை. 2023ல் முதல்முறையாக ஒன்றுக்குக் கீழே 0.97க்கு இறங்கியது, 2024லும் அதே கணக்கு. பிறக்கிற பிள்ளைகளும் படித்து ஏசி அறைக்குள் போய்விடுகிறார்கள். அதில் தப்பே இல்லை, நாமும் நம் பிள்ளைகளுக்கு அதைத்தானே ஆசைப்படுகிறோம். வேலையோ குவிந்து கிடக்கிறது. சாங்கி ஐந்தாம் முனையத்துக்கு 2025 மே மாதம் பூமி பூஜை போட்டார்கள் (அவர்கள் பூஜை போடவில்லை, நாம் சொல்கிற மாதிரி சொன்னேன்). குறுக்குத் தீவு ரயில் பாதை, ஜூரோங் வட்டார ரயில் பாதை, துவாஸ் துறைமுகம், ஊரெல்லாம் வீவக (அரசாங்க வீடமைப்புக் கழகம்) அடுக்குமாடிகள். 2025ல் மட்டும் 4,700 கோடியிலிருந்து 5,300 கோடி வெள்ளி வரைக்கும் கட்டுமான ஒப்பந்தங்கள் வரும் என்று கட்டட, கட்டுமான ஆணையம் கணித்திருந்தது. என் சைட்டில் உள்ளூர் முகம் என்று பார்த்தால் புராஜெக்ட் மேனேஜர், சேஃப்டி ஆபீசர், வாரம் ஒருமுறை வந்து கையெழுத்துப் போடுகிற உரிமம் பெற்ற எலெக்ட்ரிக்கல் என்ஜினியர், அவ்வளவுதான். மற்றதெல்லாம் நாம், பங்களாதேஷ்காரர்கள், சீனர்கள், பர்மாக்காரர்கள்.

அப்புறம் ஏன் கூலி ஏறவில்லை?

நடவுக் கூலி ஏறுகிறதென்றால், வயலும் ஆளும் ஒரே ஊரில் இருப்பதால் ஏறுகிறது. நடுகிறவள் வரமாட்டேன் என்றால் பண்ணைக்காரர் அடுத்த ஊருக்குத்தான் போகணும், அங்கேயும் அதே கதை. இங்கே வயல் சிங்கப்பூரில் இருக்கிறது, ஆள் புதுக்கோட்டையிலும் மன்னார்குடியிலும் டாக்காவிலும் இருக்கிறார்கள். பற்றாக்குறை இங்கேதான் மாப்ள, அங்கே இல்லையே. நீ 800 வெள்ளிக்கு வரமாட்டேன் என்றால், ஸ்கில் சர்ட்டிபிகேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஐபிஏவுக்கு (வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல் கடிதம்) காத்திருக்கிறவன் உன் தெருவிலேயே இன்னும் இரண்டு பேர்.

இரண்டாவது காரணம் லெவி. இங்கே வந்த முதல் வாரமே இந்த வார்த்தை காதில் விழும், அது என்னவென்று புரிய வருஷக்கணக்காகும். வெளிநாட்டு ஆளை வேலைக்கு வைத்துக்கொள்வதற்காக முதலாளி மாதாமாதம் அரசாங்கத்துக்குக் கட்டுகிற தீர்வை அது. கட்டுமானத்தில் 2024 ஜனவரியிலிருந்து ஆர்2 ஆளுக்கு மாதம் 900 வெள்ளி, ஆர்1 ஆளுக்கு 500. ஆர்2 என்றால் அடிப்படைத் திறன். ஸ்கில் அடித்துப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் வருவார்கள். ஆர்1 என்றால் உயர்திறன்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். புதிதாக வந்த பையனுக்கு ஓட்டி (ஓவர்டைம்) இல்லாமல் மாதம் 800 வெள்ளி என்று வைப்போம். லெவி 900. டாமில் (தொழிலாளர் விடுதி) ஒரு கட்டிலுக்கு 450 வாக்கில் வாடகை. இன்சூரன்ஸ், லாரி செலவு தனி. ஆக முதலாளிக்கு அவன் இரண்டாயிரத்துச் சொச்சம் வெள்ளி ஆள். அவன் பே-ஸ்லிப்பில் இருப்பது 800. "ரெண்டாயிரம் செலவு பண்றேன், இவன் இவ்வளவுதான் வேல பாக்குறான்" என்று முதலாளி புலம்புகிறார். "எண்ணூறு ரூவாய்க்கு இதுக்கு மேல என்ன பாக்குறது" என்று பையன் புலம்புகிறான். இரண்டு பேர் கணக்கும் சரிதான்.

ஆகவே கூலி ஏறத்தான் செய்திருக்கிறது. ஏறிய பங்கு உன் பைக்கு வராமல் வேறு பைக்குப் போகிறது.

அரசாங்கம் இதற்குச் சொல்கிற நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆள் மலிவாகக் கிடைத்தால் எந்த முதலாளியும் மெஷின் வாங்கமாட்டான். இப்போது பாத்ரூம் முழுசாகத் தொழிற்சாலையிலேயே டைல்ஸ் ஒட்டி, பைப் போட்டு, ஒரு பெட்டியாக வந்து இறங்குகிறது. சில சைட்டுகளில் அறையே பெட்டியாக வருகிறது, ஜொகூரில் செய்து டிரெய்லரில் ஏற்றி வருகிறார்கள், கண்டியூட் (வயர் போகிற பைப்) எல்லாம் சுவருக்குள்ளேயே இருக்கும், நாம் வயர் இழுத்து இணைப்புக் கொடுத்தால் போதும். லெவி அழுத்தியதால்தான் இதெல்லாம் வேகமாக வந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த அழுத்தத்தைத் தாங்குகிறவர்களில் பேரம் பேசத் தெரியாத ஆர்2 பையனும் ஒருத்தன். லெவியைச் சம்பளத்தில் பிடிப்பது இங்கே சட்டப்படி குற்றம். பிடிக்கவேண்டிய அவசியமும் இல்லை, சம்பளத்தை ஏற்றாமல் இருந்தாலே போதுமே.

சரி, அப்படியானால் என்ன செய்யலாம்? எனக்குத் தெரிந்து ஒரே வழி ஆர்1. கோர்டிரேடு (அனுபவமுள்ள கட்டுமானத் தொழிலாளிக்கான உயர்திறன்) தேர்வு எழுதலாம், அல்லது இரண்டாவது ட்ரேடிலும் ஸ்கில் எடுத்து மல்ட்டி-ஸ்கில் ஆகலாம். இரண்டுக்கும் இங்கே நாலு வருஷ அனுபவம் வேண்டும். தேர்வு இல்லாமல் சம்பளம் 1,600 வெள்ளியைத் தொட்டு, ஆறு வருஷம் வேலை செய்திருந்தாலும் உண்டு. நீ ஆர்1 ஆன நாளிலிருந்து கம்பெனிக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம். அந்த 400ல் எனக்கு எவ்வளவு என்று கேட்கணும். நிறையப் பேர் கேட்பதே இல்லை. சர்ட்டிபிகேட்டை வாங்கி பிரேம் போட்டு ஊருக்கு அனுப்பிவிட்டு அதே சம்பளத்தில் கிடப்பார்கள். நான் கேட்டேன். நூறு தருகிறேன் என்றார்கள். பெர்மிட் முடிகிற நேரம் பார்த்து வேறு கம்பெனியில் பேசினேன், முந்நூறுக்கு ஒத்துக்கொண்டார்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, டாமில் பாதிப் பேருக்குத் தெரியாது. கட்டுமானத்தில் பெர்மிட் முடிய 40 நாளிலிருந்து 21 நாள் வரை இருக்கும் இடைவெளியில், பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலேயே புது முதலாளி உனக்கு விண்ணப்பம் போடலாம். பழைய கம்பெனியில் அதற்கு முன்னாலேயே பெர்மிட்டை ரினியூ பண்ணிவிட்டால் போச்சு. அதனால் "ரினியூவலுக்குக் கையெழுத்துப் போடு" என்று பேப்பரை நீட்டினால் தேதியைப் பார்.

இனி வேலை விஷயத்துக்கு வருகிறேன். தம்பி, நீ அங்கே எவ்வளவு பெரிய வேலைக்காரனாக இருந்தாலும் கை இங்கே கொஞ்சம் மறந்து, மறுபடி பழகணும்.

தெங்கா பக்கம் ஒரு வீவக சைட். திருமயம் பக்கத்துப் பையன் ஒருத்தன் புதிதாக வந்திருந்தான். கேபிள் டிரெஸ்ஸிங் செய்தான் என்றால் அப்படி ஒரு அழகு, வளைவு எல்லாம் ஒரே அளவில், கட்டின டை எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி. த்ரீ பேஸ் டிபி (கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி) ஒன்றை முடிக்கச் சொல்லிவிட்டு நான் பக்கத்து ரைசரில் (மாடிக்கு மாடி கேபிள் ஏறுகிற இடம்) இருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் கறுப்பு வயரை உறை உரித்து, லக் (வயர் முனையில் மாட்டுகிற உலோகக் காது) அடித்து, நியூட்ரல் பாருக்குக் கொண்டுபோய்க்கொண்டிருக்கிறான். முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை.

"தம்பி, நிறுத்து. அது என்ன வயரு?"

"நியூட்ரல்ணே."

"யாரு சொன்னா?"

"கறுப்புல்ல?"

அவன் மேல் குற்றம் இல்லை. நம் ஊரில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ் (கரண்ட் வருகிற வயர்), கறுப்பு நியூட்ரல் (கரண்ட் திரும்புகிற வயர்). ஐடிஐ போன முதல் நாளிலிருந்து கைக்கு அதுதான் தெரியும். இங்கேயும் முன்பு அப்படித்தான் இருந்தது. 2009 மார்ச்சிலிருந்து மாற்றிவிட்டார்கள். இப்போது பழுப்பு, கறுப்பு, சாம்பல் மூன்றும் பேஸ். நீலம்தான் நியூட்ரல். அதாவது நம் ஊர் நியூட்ரல் நிறம் இங்கே கரண்ட் ஓடுகிற இரண்டாவது பேஸ். நம் ஊரில் கரண்ட் ஓடுகிற நீலம் இங்கே நியூட்ரல். தலைகீழ். ஸ்கில் சென்டரில் இதைச் சொல்லித்தான் கொடுக்கிறார்கள், பரீட்சையில் எல்லோரும் சரியாகத்தான் எழுதுகிறார்கள். பரீட்சை எழுதுவது தலை, லக் அடிப்பது கை. களைப்பான சாயங்காலத்தில் கை பழைய ஊருக்கே போய்விடும்.

கரண்டைத் துண்டித்து லைன் ஐசொலேட் பண்ணி, பூட்டுப் போட்டு, டேக் மாட்டியிருந்ததால் அந்த நிமிஷம் ஒன்றும் ஆகியிருக்காது. டெஸ்டிங்கிலும் தப்பு பெரும்பாலும் மாட்டியிருக்கும். ஆனால் மாட்டாமல் பவர் கொடுத்திருந்தால் 230 வோல்ட் போகவேண்டிய பாயிண்டில் 400 வோல்ட் போயிருக்கும். வீட்டில் செருகியிருக்கிற சாமான் அத்தனையும் புகைந்திருக்கும். அது பரவாயில்லை. நியூட்ரல்தானே என்று ஒருத்தன் கை வைத்தால்?

இன்னொரு சிக்கல், பழைய பிளாக்குகளில் ரெனவேஷன் வேலைக்குப் போனால் 2009க்கு முந்தைய வயரிங் அப்படியே இருக்கும். ஒரே டிபிக்குள் பழைய கறுப்பு நியூட்ரலாகவும், புதுக் கறுப்பு பேஸாகவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அங்கே நிறத்தைப் பார்த்து வேலை செய்கிறவன் முட்டாள். மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடணும். நம் ஊர் ஸ்க்ரூடிரைவர் டெஸ்டரை எடுத்தால் சேஃப்டி ஆபீசர் பிடுங்கிக் குப்பையில் போடுவார், அதையும் சொல்லிவைக்கிறேன்.

ரிங் சர்க்யூட், ஃபியூஸ் உள்ள 13 ஆம்ப் பிளக் என்று இன்னும் சில இருக்கின்றன. அதெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும். பழகவே பழகாத ஒன்று, புரியாவிட்டாலும் "ஓகே ஓகே" என்று தலையாட்டுகிற வழக்கம். காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் (வேலைக்கு முன் நடக்கிற பாதுகாப்புக் கூட்டம்) சேஃப்டி ஆபீசர் இங்கிலீஷில் பேசுவார், ஒருத்தர் சீனத்தில் சொல்வார், ஒருத்தர் பெங்காலியில் சொல்வார், நான் தமிழில் சொல்வேன். முடித்துவிட்டு "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்றால் நாற்பது தலையும் ஆடும். "சரி, நீ சொல்லு, இன்னைக்கு எந்த ஏரியா க்ளோஸ்?" என்று ஒருத்தனைக் கைகாட்டினால் அவன் பக்கத்தில் இருக்கிறவனைப் பார்ப்பான். விடிகாலை எழுந்து லாரியில் வந்தவன், தூக்கம் கண்ணில் நிற்கிறது. அவனைத் திட்டி என்ன செய்ய? எனக்குப் புரியவில்லை என்று சொல்கிறவனைத்தான் நான் முதலில் நம்புகிறேன்.

ஏஜென்ட் விஷயம். இதில் கோபம் வரும், சுருக்கிக்கொள்கிறேன். சிங்கப்பூர்ச் சட்டப்படி இங்குள்ள ஏஜென்ட் உன்னிடம் ஒரு வருஷ ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் வாங்கலாம். முதலாளி உன்னிடம் வேலைக்காகக் காசு வாங்கவே கூடாது. இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் வாங்கலாம். சட்டம் இவ்வளவு அழகாக இருந்தும் நான் கொடுத்தது மூன்று லட்சத்துக்குக் கிட்ட. முதல் பெர்மிட் முடியும்வரை உழைத்தது கடனுக்குத்தான். ஏனென்றால் காசு கைமாறுவது இங்கேயும் இல்லை, பதிவு பெற்ற ஆபீசிலும் இல்லை. டீக்கடையில், ரசீது இல்லாமல், "நம்ம ஊர்க்காரர்" ஒருத்தரிடம். போதாததற்கு, இந்தியா குடிபெயர்வு அனுமதி கேட்கிற 18 நாடுகள் பட்டியலில் மலேசியா இருக்கிறது, சிங்கப்பூர் இல்லை. இந்த ஊருக்கு வருகிறவனை வழியில் நிறுத்தி "எவ்வளவு கொடுத்தாய்" என்று கேட்க ஆளே கிடையாது.

மாப்ளையிடம் ஒரு ஏஜென்ட் இப்படிச் சொல்லியிருக்கிறான்: "டிப்ளமா இருக்குல்ல, பெர்மிட்டுல ஏன் போற, எஸ்பாஸ்லயே போ. ஏழு லட்சம். பேப்பர்ல மூவாயிரத்து முந்நூறு காட்டுவாங்க, கையில ஆயிரத்து நானூறு வரும்." 2025 செப்டம்பரிலிருந்து எஸ்பாஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 3,300 வெள்ளி. வயது கூடினால் அதுவும் கூடும். ஒரு கம்பெனி கட்டுமானத்தில் மொத்த ஆட்களில் 15 சதவீதம்தான் எஸ்பாஸ் வைக்கலாம், அதற்கு லெவி வேறு மாதம் 650. முன்பின் தெரியாத பையனுக்கு இதைத் தூக்கிக் கொடுக்க எந்த முதலாளிக்கும் வேண்டுதல் இல்லை. பேப்பரில் ஒன்று, கையில் ஒன்று என்பது குற்றம். மாட்டினால் முதலாளிக்குத் தண்டனை, பையனின் பாஸும் போய்விடும். "அப்ப அந்த ஏழு லட்சம்?" என்றான் மாப்ளை. அது போனது போனதுதான் என்றேன்.

ஐபிஏ வந்ததும் எல்லோரும் ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள், படிப்பதில்லை. பெர்மிட் ஐபிஏ தமிழிலும் வரும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று அதிலேயே இருக்கும். ஏஜென்ட் சொன்னதும் அதில் உள்ளதும் வேறு வேறாக இருந்தால் ஃப்ளைட் ஏறாதே. ஏறின பிறகு கேட்பவனிடம் கடன் இருக்கிறது, கடன் இருக்கிறவன் குரல் எழும்பாது.

2025 ஜூலையில் இன்னொரு மாற்றம் வந்தது. அதுவரை ஆர்2 ஆள் அதிகபட்சம் 14 வருஷம்தான் இங்கே வேலை செய்யலாம், ஆர்1 ஆனால் 26 வருஷம். இப்போது அந்த வரம்பையே எடுத்துவிட்டார்கள். வயது வரம்பும் 60லிருந்து 63. அனுபவசாலியை அனுப்பிவிட்டுப் புதுப் பையனைப் பழக்குவது நஷ்டம் என்று இப்போதாவது புரிந்ததே என்று நான் சந்தோஷப்பட்டேன். எங்கள் சைட்டில் மன்னார்குடி அண்ணன் ஒருத்தர், கம்பி கட்டுகிறவர். அவருக்குக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. செய்தியைச் சொன்னதும் அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஓய்வு நேரத்தில் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துவைத்துக்கொண்டு சொன்னார்:

"வீட்டுல அவகிட்ட வருஷா வருஷம் சொல்லிட்டே இருந்தேன் தம்பி. இன்னும் மூணு வருசம், இன்னும் ரெண்டு வருசம்னு. கவர்மெண்டே அனுப்பிருவான்னு சொல்லி வச்சிருந்தேன். இப்ப என்னத்தச் சொல்றது? இருக்கணும்னு நெனச்சா இருக்கலாம், வரணும்னு நெனச்சா வரலாம், எல்லாம் எங்கையிலன்னுல்ல ஆயிருச்சு."

மகளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதனால் இருக்கிறார். குடும்பத்தைக் கூட்டிவருகிற பேச்சே பெர்மிட்காரனுக்குக் கிடையாது. எஸ்பாஸ்காரனும் 6,000 வெள்ளி வாங்கினால்தான் பொண்டாட்டி பிள்ளைக்கு விண்ணப்பம் போடலாம். திறமைசாலி தேவை என்று கூப்பிடுகிற ஊர், திறமையை மட்டும்தான் உள்ளே விடுகிறது என்பதை வருவதற்கு முன்பே கல்யாணப் பேச்சு நடக்கிற வீடுகளில் சொல்லிவிடுங்கள். என் வீட்டில் சொல்லித்தான் கட்டிவைத்தார்கள், இருந்தாலும் வருகிற சண்டை வந்துகொண்டுதான் இருக்கிறது.

இப்போது பையன்கள் சிங்கப்பூரோடு நிற்பதில்லை. என் ரூமில் ஒருத்தன் வேலை முடிந்து வந்து போனில் ஜெர்மன் படிக்கிறான். இந்தியர்களுக்குக் கொடுக்கிற திறன்பணியாளர் விசாவை வருஷத்துக்கு 20,000லிருந்து 90,000 ஆக்குகிறோம் என்று 2024 அக்டோபரில் ஜெர்மனி சொன்னதிலிருந்து அவனுக்கு அதே பேச்சு. போகட்டும். அங்கே குடும்பத்தோடு இருக்கலாம், வருஷம் போனால் நிரந்தரமாகவும் தங்கலாம். ஆனால் அந்த மொழி வேண்டும், படிப்புக்கு அங்கீகாரம் வேண்டும். இங்கே மொழி தெரியாமல் வந்து இறங்கி, தேக்காவில் (லிட்டில் இந்தியா) தமிழிலேயே சிம் கார்டு வாங்கி, தமிழிலேயே சாப்பிட்டு, தமிழிலேயே ஊருக்குப் பணம் அனுப்பலாம். அந்தச் சௌகரியம்தான் நம் ஆட்களை இங்கே இழுக்கிறது, அதுவேதான் பல பேரை வந்த இடத்திலேயே உட்கார வைக்கிறது. பத்து வருஷமாகியும் சேஃப்டி போர்டைப் படிக்கத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள்.

மாப்ளைக்கு நான் சொன்னது இதுதான்: ஸ்கில் அடி. வயரிங்கோடு நிறுத்தாமல் அங்கேயே கொஞ்சம் பிளம்பிங்கும் கற்றுக்கொண்டு வா, நாலு வருஷத்தில் மல்ட்டி-ஸ்கில் ஆக அது உதவும். எஸ்பாஸ் என்று ஆசைகாட்டுகிறவனிடம் பேசாதே. ஸ்கில் சென்டர் பீஸ் தவிர யாருக்குக் காசு கொடுத்தாலும் பேங்க் வழியாகக் கொடு. அவன் அம்மாவுக்கு, அதாவது என் அக்காவுக்கு, இதில் பாதிக்கு மேல் பிடிக்கவில்லை. "நீ மட்டும் போயி நல்லாத்தானடா இருக்க, எம்புள்ளைக்கு மட்டும் ஏன்டா இத்தன சட்டம் பேசுற" என்கிறாள். நீல வயரையும் கறுப்பு வயரையும் அவளுக்கு எப்படி விளக்குவது என்று தெரியாமல் "வரட்டும்க்கா, பாத்துக்குறேன்" என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஐபிஏவில் ஏதாவது புரியவில்லை என்றால் பாஸ்போர்ட் நம்பரை மறைத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல்தான் பார்ப்பேன். "நல்ல ஏஜென்ட் நம்பர் இருந்தா குடுங்கண்ணே" என்று மட்டும் யாரும் மெசேஜ் போடவேண்டாம். என்னிடம் இல்லை. இருந்தாலும் தரமாட்டேன்.